டிராகனுக்கு என்ன பதவி?

ஒரு நாடு நன்றாக இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டுமானால், கடலில் மண்ணைக் கொட்டித் தீவு ஒன்று செய்து, அதன்மேல் விதவிதமான அரங்குகள் கட்டி, மக்களை வெயிலில் வரிசையாக நிற்க வைக்க வேண்டும். இதற்கு உலகப் பொருட்காட்சி என்று பெயர். எங்கள் ஹமாசாகி நகரத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தபோது, ‘நாளைய மனிதனுக்கு இன்றைய இணக்கம்’ என்று ஒரு முழக்கம் வைத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். உடனே அர்த்தம் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். பொருட்காட்சி முடிந்து அரங்குகளையெல்லாம் பிரித்தாகிவிட்டது. குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

என் பெயர் குவஹாரா சினாட்சு. வீடியோ கேம் செய்வது என் பிழைப்பு. பக்கத்து ஒசாகாவில், ஆக்டோபஸ் உருண்டை சுடும் கடைக்கு மேல் மாடியில், என் முதலாளி கமாட்டாவும் நானும் இன்னும் சிலரும் சட்டையெல்லாம் சாஸ் வாசனையோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது நான் செய்துகொண்டிருந்த விளையாட்டின் நாயகன் குரிமாரு. கஷ்கொட்டை என்னும் பழுப்புக் கொட்டை போன்ற தலையும் மரக்கத்தியும் கொண்ட ஒரு பொடியன். டிராகன் ஒன்று நிலாவை விழுங்கிவிடுகிறது. குரிமாரு காட்டையும் மேகத்தையும் கோட்டையையும் கடந்து, திரையில் இடமிருந்து வலமாக ஓடி, குளவிகளின் தலையில் மிதித்து, பள்ளங்களைத் தாண்டி, நிலாவை மீட்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்தத் தாவல் இருக்கிறதே, அதில்தான் என் உயிர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மரப்பெட்டிகளை அடுக்கிவைத்து, ஓடிவந்து கையூன்றித் தாண்டச் சொல்வார்கள். எல்லாரும் தாண்டுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் பெட்டியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆசிரியர் வந்து இறக்கிவிடும்வரை அங்கேயே இருப்பேன். அதனால் குரிமாருவின் தாவலை நான் திரும்பத் திரும்பச் செய்தேன். பட்டனை அழுத்தினால் பதுங்குவான், விட்டதும் கிளம்புவான். உச்சியில் ஒரு மூச்சு நேரம் காற்றில் நிற்பான். அப்புறம்தான் இறங்குவான். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இரண்டு வருடம் உழைத்தேன்.

ஒருநாள் முதலாளி போனை வைத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா குவஹாரா! உன் கஷ்கொட்டைப் பய உலகப் பொருட்காட்சிக்குப் போறான்! ஹமாசாகி அரங்குல பெரிய திரையில ஓடப்போறானாம்!"

"நெஜமாவா? ஏதாவது மாத்தச் சொல்வாங்களா?"

"அட, ஒண்ணும் இல்ல. இருக்கறத அப்படியே கொண்டுவாங்கன்னுட்டாங்க. சும்மா ஒரு சின்ன மீட்டிங் மட்டும்."

அந்தச் சின்ன மீட்டிங் அந்த வருடம் முழுக்க நடந்தது.

முதல் நாள், அறையில் இருந்த எல்லாரும் எல்லாரோடும் பெயர் அட்டை மாற்றிக்கொண்டு முடிப்பதற்குள் மதிய உணவு வந்துவிட்டது. பொருட்காட்சிச் சங்கத்தின் தலைவர் டோகுநாகா, நாற்காலியே அவருக்காகப் பிறந்ததுபோல் சாய்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பாதுகாப்புக் குழுவின் தலைவர், அவருக்குப் பக்கத்தில் இணக்கக் குழுவின் தலைவர். இப்படிப் பதவி இறங்க இறங்க மேசையும் நீண்டு, கடைசியில் கதவு இடிக்கும் இடத்தில் நுகாடா என்பவர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் சங்கத்துக்கும் நடுவே தூது போவது அவர் வேலை. தலை நரைத்தவர். போனில் தலைவர் பேசினால், போனைப் பார்த்தே இடுப்பு வளையக் குனிந்து வணங்குவார். ஒருமுறை தெருவோரப் போன் கூண்டுக்குள் நின்று அப்படிக் குனிந்து, கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டார். அதற்காகக் கண்ணாடியிடமும் மன்னிப்புக் கேட்டார்.

விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். குரிமாரு ஓடினான், ஒரு பள்ளத்தைத் தாண்டினான். பாதுகாப்புக் குழுத் தலைவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. அந்தப் பள்ளத்துக்கு வேலி எங்க?"

"ஐயா, அது தாண்டறதுக்காக வெச்ச பள்ளம்."

"திறந்த பள்ளம்னா திறந்த பள்ளம்தான். நாளைக்கு யாராவது விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"விழுந்தா மறுபடியும் முதல்லேர்ந்து ஆடலாங்க."

"அதெப்படி? விழுந்தவன் மறுபடியும் அதே பள்ளத்துக்கா வருவான்? இது இன்னும் மோசம்!"

எல்லாப் பள்ளத்துக்கும் வேலி போட்டோம். குரிமாருவின் கஷ்கொட்டைத் தலையில் மஞ்சள் ஹெல்மெட் ஏறியது. ஒவ்வொரு வேலிக்கு முன்னாலும், ஹெல்மெட் போட்ட ஒரு மனிதன் குனிந்து ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொல்லும் பலகையும் வைத்தோம்.

அடுத்த மீட்டிங்கில் இணக்கக் குழுவின் முறை. குளவியின் தலையில் மிதிப்பதைப் பார்த்ததும் அதன் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உலகத்துல இத்தனை நாட்டுக்காரங்க வர்றாங்க. ஏதாவது ஒரு நாட்டுக் கொடியில குளவி இருந்துட்டா?"

"எந்தக் கொடியிலயும் இல்லைங்க," என்றேன்.

"இன்னிக்கு இல்ல. பொருட்காட்சி நாளைய மனிதனுக்கு இல்லையா?"

ஆகவே குரிமாரு குளவிகளோடு பெயர் அட்டை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தான். இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். வாங்கியதை உடனே பைக்குள் போடாமல் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்க்க வேண்டும். அதன்பின் இன்னொருவர், பையன் ஏன் எப்போதும் வலது பக்கமே ஓடுகிறான், மேற்கு வாசல் பக்கம் அரங்கம் போட்டிருக்கும் நாடுகள் மனம் நோகாதா என்றார். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் குரிமாரு திரும்பி இடது பக்கம் பார்த்து ஒருமுறை குனிந்துவிட்டுப் போவான் என்று முடிவாயிற்று.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். தாவல் இன்னும் இருந்தது. வேலிக்கு மேல் தாவினான், பலகைக்கு மேல் தாவினான், குளவியின் பெயர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே தாவினான். உச்சியில் அந்த ஒரு மூச்சும் அப்படியே இருந்தது.

அதுவரை ஒன்றும் பேசாத தலைவர் டோகுநாகா தொண்டையைச் செருமினார். மேசை முழுக்க முதுகு நிமிர்ந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் குதிக்கறது மட்டும் மனசுக்கு ஒப்பல. குதிக்கறதுன்னா என்ன? தரையில நிக்கறவங்க எல்லாரையும் விட்டுட்டுத் தான் மட்டும் மேல போறது. இதையா நாம உலகத்துக்குச் சொல்லப்போறோம்? நானே இருக்கேன். நகராட்சியில கடைசிப் படியில சேர்ந்தவன். ஒரு படியைக்கூடத் தாண்டினது கிடையாது. ஒவ்வொரு படியிலயும் நின்னேன். மேல இருக்கறவர் ரிடையர் ஆகற வரைக்கும் காத்திருந்தேன். நடுவுல வேலை கீலைன்னு எதையாவது செஞ்சு பேரைக் கெடுத்துக்கல. புதுசா ஒரு யோசனை சொல்லி யாரையும் சங்கடப்படுத்தல. அதனாலதான் இன்னிக்கு இந்த நாற்காலியில இருக்கேன். நம்ம இளைஞர்களுக்கு அந்த வழியைத்தான் காட்டணும்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. கைதட்டலைக்கூட மேலே இருப்பவர் நிறுத்திய பிறகுதான் கீழே இருப்பவர் நிறுத்த முடியும். நுகாடா கடைசியில் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பட்டன் என்ன செய்யும் தலைவரே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அழுகைபோல் கேட்டது.

"வணங்கட்டும். எதிர்ல யார் வந்தாலும் குனிஞ்சு வணங்கட்டும். டிராகன் வந்தாலும் அப்படித்தான்."

"டிராகனும் பதிலுக்கு வணங்கணும்," என்றார் இணக்கக் குழுத் தலைவர். "முறைப்படி."

முறை என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருவர் குனிந்தால், பதவியில் தாழ்ந்தவர்தான் கடைசியாக நிமிர வேண்டும். அவர் நிமிர்வதற்குள் மேலவர் இன்னொருமுறை குனிந்துவிட்டால், இவரும் மறுபடி குனிய வேண்டும். அதனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டிராகனுக்கு என்ன பதவி?"

யாரோ பேனாவைத் திறந்து மூடினார்கள்.

"அது தெரியலைன்னா யார் கடைசியா நிமிரணும்னு மெஷினுக்குத் தெரியாதுங்க," என்றேன். "வணக்கம் முடியாது. கோட்டைக் கதவும் திறக்காது."

"நல்ல கேள்வி," என்றார் தலைவர். "ஆக்கபூர்வமா பரிசீலிப்போம்."

ஆக்கபூர்வமாகப் பரிசீலிப்போம் என்றால் அந்த விஷயத்தை இனி யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அர்த்தம். எடுக்கவும் இல்லை.

மீட்டிங் முடிந்து ரயில் நிலையத்தில், நின்றபடி சாப்பிடும் ஊடோன் நூடுல்ஸ் கடையில் நுகாடாவோடு நின்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நூடுல்ஸை வாயில் வைக்க முடியவில்லை.

"இதுக்குப் பேசாம ஒரு பொம்மையை வெச்சுத் தலையாட்ட விடலாம் இல்ல?"

"மன்னிச்சுக்கங்க," என்று நுகாடா கிண்ணத்துக்கு மேல் குனிந்தார். மூக்குக் கண்ணாடி ஆவியில் மங்கியது.

"நீங்க ஏன் சார் மன்னிப்பு கேக்கறீங்க? நீங்க ஒண்ணுமே பண்ணலையே."

"பழக்கம்." கண்ணாடியைத் துடைத்தார். "எல்லாரும் குனியறது சுலபம்னு நினைக்கறாங்க குவஹாரா சான். மேல இருக்கறவங்க சும்மா மோவாயை ஆட்டுவாங்க. அது குனியறதே இல்ல. நெஜமா குனிஞ்சா முட்டியெல்லாம் மடங்கும். தொடை இறுகும். முதுகெல்லாம் வில்லு மாதிரி ஆயிடும். அப்படியே நிக்கணும். அவங்க போற வரைக்கும்."

"போனதுக்கு அப்புறம்?"

"அப்புறம் மெதுவா நிமிரணும். சட்டுனு விட்டா தூக்கிப் போட்டுடும்."

நான் ஊடோனைக் கீழே வைத்தேன். முட்டி மடங்கி, தொடை இறுகி, முதுகு வில்லாகும் ஒரு ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். தாவுவதற்குச் சற்று முன்னால் குரிமாரு அப்படித்தான் இருப்பான்.

தாவலை நான் நீக்கவில்லை. வணக்கத்துக்கு அடியில் வைத்தேன். பட்டனைத் தொட்டால் குரிமாரு மோவாயை ஆட்டுவான். அழுத்தினால் குனிவான். அழுத்திக்கொண்டே இருந்தால் நெற்றி முட்டியைத் தொடும்வரை குனிவான். அங்கிருந்து சட்டென்று விட்டால் போதும்.

சோதனை நாளில் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தேன். பயப்பட்டிருக்க வேண்டியதில்லை. கன்ட்ரோலர் பதவி வரிசைப்படி கை மாறியது. தலைவர் பட்டனைத் தொட்டுத் தொட்டு எடுத்தார், குரிமாரு தொட்டுத் தொட்டுத் தலையாட்டினான். அடுத்தவர் கொஞ்சம் அழுத்தினார், அடுத்தவர் இன்னும் கொஞ்சம். அடிமட்டம் வரை குனியத் தெரிந்த ஒரே ஆள் கதவோரத்தில் இருந்தார். கன்ட்ரோலர் அவரிடம் போவதற்குள், குரிமாரு கோட்டையை எட்டுவதற்குள், சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. விளையாட்டு ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது.

திறப்பு விழா அன்று அரங்கில் நிற்க இடமில்லை. பல நாட்டுப் பிரதிநிதிகள் முன்வரிசையில், தொலைக்காட்சிக் கேமராக்கள் பின்வரிசையில். முதல் ஆட்டத்தைத் தலைவரே ஆடினார். குரிமாரு ஹெல்மெட்டோடு வேலிகளைச் சுற்றிக்கொண்டு போனான். குளவிகளிடம் பெயர் அட்டை வாங்கிப் படித்தான். இடது பக்கம் திரும்பி மேற்கு வாசல் நாடுகளுக்கு மரியாதை செய்தான். பிரதிநிதிகள் கொட்டாவியைக் கையால் மறைத்தார்கள். ஒருவழியாகக் கோட்டை வந்தது. கதவை அடைத்துக்கொண்டு டிராகன் நின்றது. வயிற்றுக்குள் நிலா மங்கலாகத் தெரிந்தது.

தலைவர் பட்டனைத் தொட்டார். குரிமாரு தலையாட்டினான். டிராகனும் தலையாட்டியது. தலைவர் மறுபடி தொட்டார். டிராகனும் மறுபடி ஆட்டியது.

முதலில் எல்லாரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார்கள். அப்புறம் பிரதிநிதிகளில் ஒருவர், இது இந்நாட்டு விழாச் சடங்கு என்று நினைத்து எழுந்து தலைவரைப் பார்த்துக் குனிந்தார். தலைவர் பதிலுக்குக் குனிந்தார். மற்ற பிரதிநிதிகளும் எழுந்தார்கள். சற்று நேரத்தில் திரையிலும் குனிந்துகொண்டிருந்தார்கள், அரங்கிலும் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"மெஷினை நிறுத்துங்கய்யா!" என்று பாதுகாப்புக் குழு பல்லைக் கடித்தது.

"வணங்கும்போது நடுவுல நிறுத்தினா டிராகனுக்கு அவமரியாதை," என்றது இணக்கக் குழு. "உலகமே பாத்துட்டிருக்கு."

திரைக்குப் பக்கத்திலேயே அவசரக் கூட்டம் நடந்தது.

"நிலாவை விழுங்கியிருக்கு. குறைஞ்சது துறைத் தலைவரா இருக்கும்."

"கோட்டை அரசாங்கக் குடியிருப்புதானே? அப்ப அதுக்கும் மேல."

"யார் நியமிச்சா? எந்த வருஷம் பணியில சேர்ந்துச்சு?"

"இருங்க, இருங்க. குரிமாருவைத் தலைவர்தானே ஆட்டறார்? டிராகனை மேல வெச்சா, தலைவரை விட மேலன்னு ஆயிடாதா?"

இதைக் கேட்டதும் அவசரக் கூட்டம் கலைந்தது. இதற்குள் அரங்குக்கு வெளியே வரிசை தீவைச் சுற்றி வளைந்துவிட்டது. வரிசையின் நீளம்தான் ஒரு அரங்கின் வெற்றி என்பதால், ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஹமாசாகி அரங்கம் மகத்தான வெற்றி பெற்றுக்கொண்டிருப்பதாக மகிழ்ச்சியோடு அறிவித்துக்கொண்டிருந்தாள்.

தலைவருக்குக் கட்டைவிரல் மரத்துப்போயிற்று. கன்ட்ரோலரை அடுத்தவருக்குக் கொடுத்தார், அவர் அதற்கடுத்தவருக்கு. விரல்கள் ஓய ஓயப் பதவியும் இறங்கி, கடைசியில் கதவோரத்துக்கு வந்தது.

"நுகாடா, நீ வணங்குப்பா," என்றார் தலைவர். "உனக்குத்தான் பழக்கம்."

நுகாடா திரைமுன் வந்தார். அவருக்குக் கட்டைவிரலை மட்டும் தனியாகக் குனிய வைக்கத் தெரியாது. பட்டனை அழுத்தினார், அழுத்தியபடியே தானும் குனிந்தார். தலை மார்புக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, முட்டிக்கு வந்தது. திரையில் குரிமாருவும் அவரோடு கூடவே இறங்கினான். அவ்வளவு தாழ்ந்த ஒரு வணக்கத்தை அந்த அரங்கில் யாரும் பார்த்ததில்லை. குனிந்துகொண்டிருந்த பிரதிநிதிகள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

நுகாடா அப்படியே நின்றார். மேலே இருப்பவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார். யாரும் போகவில்லை. நிமிரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அவர் முதுகு நடுங்கியது. என் குரிமாருவின் முதுகும் திரையில் நடுங்கியது. அந்த நடுக்கத்தை நான்தான் வரைந்திருந்தேன். ஆனால் அது இப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நுகாடா சான்!" என்று சுவரோரத்திலிருந்து கத்தினேன். "விடுங்க! சட்டுனு விடுங்க!"

விட்டார்.

குரிமாரு கிளம்பினான். ஹெல்மெட் ஒரு பக்கம் பறந்தது, பெயர் அட்டைகள் ஒரு பக்கம் பறந்தன. டிராகனின் மூக்குக்கு மேல், கொம்புக்கு மேல், கோட்டையின் கொடிக்கம்பத்துக்கும் மேல் போய், உச்சியில் ஒரு மூச்சு நேரம் நின்றான். அரங்கமே மூச்சைப் பிடித்தது. அப்புறம் டிராகனின் முதுகில் தொப்பென்று இறங்கினான். டிராகன் திடுக்கிட்டு வாயைத் திறந்தது. நிலா வெளியே வந்து வானத்தில் ஏறியது.

கூரை பிய்ந்துவிடும்போல் கைதட்டினார்கள். நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நுகாடா மட்டும் எதையும் பார்க்கவில்லை. பட்டனைத்தான் விட்டிருந்தார், முதுகை விடவில்லை. கைதட்டல் தலைவருக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

தலைவர் டோகுநாகா மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா! இதுதான் நம்ம ஹமாசாகி உலகத்துக்குத் தர்ற பரிசு! இதைக் குதிக்கறதுன்னு யாரும் தப்பா நினைச்சுடக் கூடாது. இது மேல்நோக்கிச் செய்யற வணக்கம்! இதை ஆரம்பத்துலேர்ந்தே நான்தான் வலியுறுத்திட்டு வந்தேன்!"

மேல்நோக்கிய வணக்கம் மறுநாளே அங்கீகரிக்கப்பட்டது. டிராகனுக்குக் கௌரவ ஆலோசகர் பதவி கிடைத்தது. அதற்கு மேலானவரும் கிடையாது, கீழானவரும் கிடையாது, வேலையும் கிடையாது. மேலிடத்து உத்தரவு இல்லாமல் பட்டனை விட்ட நுகாடாவை, பார்வையாளர்கள் விட்டுச்சென்ற குடைகளைப் பாதுகாக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"குடைங்க ரொம்ப நல்லவங்க," என்று என்னிடம் போனில் சொன்னார். "யாரும் எதுவும் கேக்கறதில்ல." சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக் குனிந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு விடுமுறை நாளில் அரங்குக்குப் போயிருந்தேன். வரிசையில், கோட்டும் டையும் இல்லாமல், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நுகாடா நின்றிருந்தார்.

"என்ன சார், இங்க?"

"எல்லாரும் சொல்றாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கல."

அவர் முறை வரும்வரை கூடவே நின்றேன். கோட்டை வந்தது, டிராகன் வந்தது. பட்டனை அழுத்தினார். உடனே முதுகும் வளைய ஆரம்பித்தது.

"சார், விரல் மட்டும். தலையை நிமித்துங்க."

"வரமாட்டேங்குதே."

"நான் பிடிச்சுக்கறேன்." அவர் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது பிடிக்குள் அடங்காமல் கீழே இழுத்தது. "திரையைப் பாருங்க. இப்ப விடுங்க!"

குரிமாரு கிளம்பினான். நுகாடாவின் கண்கள் அவனோடு மேலே போயின. வாய் திறந்திருந்தது. உச்சியில் அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவரும் மூச்சு விடவில்லை.

"மேல இவ்வளவு இடம் இருக்கா?" என்றார்.

வெளியே வந்ததும் நேரே வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் டோகுநாகா பரிவாரத்தோடு வரிசையைப் பார்வையிட வந்தார். நீளத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். நுகாடாவைக் கண்டு மோவாயை ஆட்டினார். நுகாடா முறைப்படி குனிந்தார்.

பிறகு, தலைவர் நகர்வதற்கு முன்பே, சட்டென்று நிமிர்ந்தார்.

தலைவர் திகைத்துப் போனார். முதலில் நிமிர்கிறவர் மேலவர் என்பது அவர் எலும்பில் ஊறியிருந்தது. என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியுமுன் அவர் இடுப்பு வளைந்துவிட்டது. பரிவாரமும் வரிசையாகக் குனிந்தது. நுகாடா அவர்களைக் கவனிக்கவில்லை. அரங்கின் கூரைக்கு மேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.